உதறலை விழுங்கும் எண்ணெய்: ஸ்டியரிங் டேம்பர் பிறந்த கதை

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற நெடுஞ்சாலை மல்லூரைத் தாண்டியதும் அகன்று நேராக ஓடும். ஆண்டகளூர்கேட், புதுச்சத்திரம் என்று ஊர்கள் வந்து போகும். மற்றபடி இரண்டு பக்கமும் வெட்டவெளி, தூரத்தில் குன்றுகள். நடுவே எரிவாயு டேங்கர்களும் முட்டை லாரிகளும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக்குகளும் இரவு பகலாகப் போய்க்கொண்டிருக்கும். மோட்டார் சைக்கிளில் ஒரு டேங்கரை முந்துகிறவர் முதலில் அதன் முதுகுக்குப் பின்னால், காற்று படாத மறைவில் ஓட்டுவார். விலகி முன்னேறி அதன் முகப்பைக் கடக்கும் நொடியில், டேங்கர் கிழித்து ஒதுக்கிய காற்று பக்கவாட்டில் வந்து அறையும். ஹேண்டில் ஒரு துடிப்புத் துடிக்கும்.

நல்ல வண்டியில் இரண்டு மூன்று ஆட்டத்தில் அது தானாக அடங்கிவிடும். டயர் தேய்ந்து, கோன்செட் எனும் ஸ்டியரிங் தலை பேரிங் தளர்ந்து, பின்னால் சுமையும் ஏறிய வண்டியில் அடங்காமல் வளரலாம். ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகிக் கடைசியில் ஹேண்டில் டேங்க்கின் இரு பக்கமும் மாறி மாறி அடிக்கும். அந்த நிலைக்குப் போன வண்டியைப் பிடித்து நிறுத்துவது மனிதக் கைக்கு ஆகிற காரியம் இல்லை. இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் இதற்கு உதறல் என்று பெயர், வாப்ளிங் என்றும் சொல்வார்கள். அதற்கு மருந்தாக ஸ்டியரிங் டேம்பர் என்ற ஒரு சிறிய உருளையை இப்போது இளைஞர்கள் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். பட்டறை வாசலில் நடக்கிற பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"அண்ணா, எண்பதத் தொட்டா ஹேண்டில் உதறுதுங்க. இந்த டேம்பர மாட்டிட்டா நின்னுருங்களா?"

"மாட்டலாம் தம்பி. மொதல்ல வண்டியத் தூக்கி நிறுத்து, கோன்செட்டப் பாத்துருவோம்."

மெக்கானிக் சொல்கிற அந்த வரிசைதான் சரி. ஏன் சரி என்பதற்கு ஸ்டியரிங் டேம்பர் பிறந்து வளர்ந்த கதையே சாட்சி. நூறு வருடத்துக்கு மேற்பட்ட அந்தக் கதையில் பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள், ஜெர்மானியர்கள், ஜப்பானியர்கள் எல்லோரும் வருகிறார்கள். நம் திருவொற்றியூரும் வருகிறது.

உதறல் ஏன் வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் ஃபோர்க் செங்குத்தாக நிற்பதில்லை. பின்னோக்கிச் சாய்ந்து நிற்கிறது. அந்தச் சாய்வின் கோட்டைத் தரை வரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடம் அந்தக் கோட்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும். வண்டி நேராகப் போவதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்த இடைவெளி. சக்கரம் ஒரு பக்கம் திரும்பினால் சாலை அதைப் பின்னிழுத்து நேராக்குகிறது. ஆனால் நேராக்குகிற விசை சக்கரத்தை நடுவோடு நிறுத்துவதில்லை, மறுபக்கம் கொஞ்சம் தள்ளிவிடுகிறது. சாலை மறுபடி இழுக்கிறது. டயர் ரப்பரால் ஆனது. வளைந்து கொடுத்துத்தான் விசையைக் கடத்தும். அதனால் விசை எப்போதும் ஒரு நொடியின் சிறு பின்னமளவு தாமதமாக வந்து சேர்கிறது. தாமதமாக வருகிற விசை ஆட்டத்தை அடக்காமல் அதற்குத் தீனி போடுகிறது.

இந்த உதறல் நொடிக்கு 4 முதல் 10 தடவை வரை ஆடும். ஏழு என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆட்டத்துக்கு நொடியில் ஏழில் ஒரு பங்கு நேரம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதற்குள் மூன்று மீட்டர் போய்விடும். மனித மூளை ஒன்றை உணர்ந்து கையை அசைக்க நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். ஓட்டுகிறவர் இடது பக்க ஆட்டத்தை எதிர்த்துத் தள்ளும்போது ஹேண்டில் ஏற்கெனவே வலது பக்கம் வந்திருக்கும். அவர் பயத்தில் இறுக்கிப் பிடிப்பதும் தள்ளுவதும் ஆட்டத்தோடு சேர்ந்துகொள்ளவே வாய்ப்பு அதிகம். தைரியமும் அனுபவமும் உள்ளவர்களும் விழுவதற்கு இதுதான் காரணம். கை செய்ய முடியாததைக் கைக்கு முன்னால் செய்து முடிக்கிற ஒன்று வேண்டியிருந்தது.

அந்த ஒன்றின் வேர் பிரான்சில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில் ட்ரூஃபோ என்ற பிரெஞ்சுக்காரர் சைக்கிள் ஃபோர்க்கின் துள்ளலை அடக்க ஒரு வழி கண்டார். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு குலுக்கல் பல குலுக்கலாகத் தொடரும். ஒன்றோடொன்று உரசும் தகடுகளை அதன் மூட்டில் வைத்து நடுவில் ஒரு போல்ட்டால் இறுக்கினால், அந்த உராய்வு துள்ளலின் சக்தியைச் சூடாக்கித் தின்றுவிடும். எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் பிரான்சில் இதைப் பார்த்து, உரிமை வாங்கி, அமெரிக்காவில் கார்களுக்குச் செய்து விற்றார். ஷாக் அப்சார்பர் என்ற பொருள் உலகச் சந்தைக்கு வந்த வழி அது. காருக்கு முன்னால் இரண்டு சக்கர வண்டியில் பிறந்த கருவி என்பதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

மேலும் கீழும் துள்ளுவதை அடக்கிய அதே தகட்டடுக்கை ஸ்டியரிங் தலையில் படுக்கவைத்தபோது ஸ்டியரிங் டேம்பர் பிறந்தது. சேஸிஸோடு சேர்ந்த ஒரு தகடு, ஃபோர்க்கோடு திரும்புகிற ஒரு தகடு, நடுவில் உராயும் வட்டு, எல்லாவற்றையும் அழுத்தும் ஒரு ஸ்பிரிங், மேலே ஹேண்டிலுக்கு நடுவில் ஒரு குமிழ். ஓட்டிக்கொண்டே குமிழைத் திருகி இறுக்கலாம், தளர்த்தலாம். 1920களில் இங்கிலாந்தின் பெரிய வண்டிகளில் இந்தக் குமிழ் வழக்கமான உறுப்பாகிவிட்டது. ஜார்ஜ் ப்ரஃப் 1924இல் கொண்டுவந்த எஸ்எஸ்100, மணிக்கு 100 மைல் போகும் என்று உத்தரவாதம் கொடுத்து விற்ற வண்டி. அரேபியாவில் பேர்பெற்ற டி.இ. லாரன்ஸ் ப்ரஃப் வண்டிகளின் மேல் அப்படியொரு காதல் வைத்திருந்தார். அன்றைய வண்டிகளின் ஃபோர்க்கும் சேஸிஸும் எளிதில் முறுக்கிக்கொள்ளும். டயர் ஒல்லியானது. சாலையோ மேடு பள்ளம். ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத் தடம் 1907இல் கான்கிரீட்டில் போட்டது. வருடங்கள் போகப் போக அதன் பாளங்கள் ஏறி இறங்கிக் கிடந்தன. ஐல் ஆஃப் மேன் தீவின் டிடி பந்தயத்தில் பல்லாஃப் பாலத்தின் முதுகில் வண்டி இன்றைக்கும் காற்றில் எழும்பும். எழும்பிய வண்டி முன் சக்கரம் கொஞ்சம் கோணியபடி தரையில் இறங்கினால் அந்த நொடியே உதறல் தொடங்கும். கடையில் விற்கும் வண்டியே மணிக்கு 100 மைலை எட்டிய காலத்தில், அந்தக் குமிழை இறுக்கிக்கொள்ளாமல் யாரும் பந்தயத்துக்குப் புறப்பட்டிருக்க மாட்டார்கள்.

கார்களுக்கும் இதே நோய் அப்போது வந்தது. 1920களில் காற்றழுத்தம் குறைந்த பருத்த பலூன் டயர்கள் வந்ததும் முன் சக்கரங்கள் நடுங்கத் தொடங்கின. 1925இல் ப்ரூலியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் டயர் பக்கவாட்டில் நழுவுவதை ஆராய்ந்து எழுதினார். ரப்பரின் வளைவுதான் குற்றவாளி என்ற சிந்தனை அங்கிருந்து வளர்ந்தது. நாமக்கல் லாரிப் பட்டறைக்காரர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. கிங் பின் புஷ் தேய்ந்த லாரியின் ஸ்டியரிங் எப்படி நடுங்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். சிறிய விமானங்களின் மூக்குச் சக்கரத்துக்கும் இதே நடுக்கம் உண்டு. ஓடுபாதையில் அதை அடக்க அங்கேயும் ஒரு டேம்பர் இருக்கிறது. திருப்பத்தக்க ஒரு சக்கரம், அதில் ரப்பர், போதிய வேகம் — இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த வண்டியாக இருந்தாலும் உதறல் காத்திருக்கும்.

இந்த உராய்வுக் குமிழ் புல்லட்டோடும் தமிழ்நாட்டுக்கு வந்தது. இங்கிலாந்தின் ரெட்டிட்சில் செய்த ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் ஸ்டியரிங் டேம்பர் குமிழ் இருந்தது. இந்திய ராணுவம் 1950களின் தொடக்கத்தில் 350 சிசி புல்லட்டுகளைக் கேட்டு வாங்கியது. 1955இல் ரெட்டிட்ச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. புல்லட்டோடு சைடுகார் பூட்டியவர்களுக்குத்தான் டேம்பரின் அருமை நன்றாகத் தெரியும். சைடுகார் வண்டிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திலேயே ஹேண்டில் தலையாட்டும். குமிழை நன்றாக இறுக்கினால் நின்றுவிடும்.

உராய்வு டேம்பரின் குறையும் நிறையும் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கின்றன. மூன்று சக்கரத்தில் நிற்கிற வண்டி சாயாது, விழாது. ஹேண்டில் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் கெட்டுப்போவது ஒன்றும் இல்லை. இரண்டு சக்கர வண்டி அப்படியா? அது நேராகப் போவதாக நாம் நினைக்கும்போதும் ஓட்டுகிறவரின் கை ஓயாமல் மிகச் சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்துகொண்டே இருக்கிறது. வேகம் குறையக் குறைய அந்தத் திருத்தங்கள் பெரிதாகும். உராய்வுத் தகட்டுக்கு வேகமான உதறலும் தெரியாது, மெதுவான திருப்பமும் தெரியாது. இரண்டையும் ஒரே பிடியாகப் பிடிக்கும். நெடுஞ்சாலைக்கு இறுக்கிய குமிழைத் தளர்த்த மறந்து கடைத்தெருவுக்குள் நுழைந்தால் வண்டி குடித்தவர் நடை நடக்கும்.

நம் ஊர் நிலப்பரப்பை வைத்து இதை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். சேலத்தில் நான்கு வழிச் சாலையை விட்டு ஏற்காட்டுக்குத் திரும்பினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல்லிலிருந்து காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறினால் 70. ஒரே நாளில் ஒரே வண்டி, 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் அறையையும் தாங்க வேண்டும், முதல் கியரில் ஹேண்டிலைக் கடைசி வரை ஒடித்து வளைவையும் ஏற வேண்டும். சமவெளிக்கு ஏற்றபடி இறுக்கிய உராய்வுத் தகடு மலையில் எதிரியாகிவிடும். மலைக்கு ஏற்றபடி தளர்த்தினால் சமவெளியில் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

விடை எண்ணெயில் இருந்தது. கிணற்றுத் தண்ணீருக்குள் கையை மெதுவாக நகர்த்தினால் தண்ணீர் வழி விடும். ஓங்கி அறைந்தால் உள்ளங்கை சிவந்துவிடும். எண்ணெய் நிரம்பிய உருளைக்குள் சிறு துளையிட்ட பிஸ்டனை வைத்தால் அது அப்படியே நடந்துகொள்ளும். மெதுவாகத் திருப்பினால் எண்ணெய் துளை வழியே சாவகாசமாக மறுபக்கம் போகிறது, கைக்கு ஒன்றும் தெரிவதில்லை. நொடிக்கு ஏழு தடவை வெட்டி இழுத்தால் துளைக்குள் நுழைய எண்ணெய்க்கு நேரமில்லை, எதிர்த்து நிற்கிறது. உதறலின் சக்தி எண்ணெயின் சூடாக மாறி வெளியேறுகிறது. யாரும் குமிழைத் தொடாமலே, எது திருப்பம் எது உதறல் என்று வேகத்தை வைத்துப் பிரித்தறிகிற அறிவு அந்தச் சின்னத் துளையில் இருக்கிறது. இந்தக் கதை முழுவதிலும் என்னை மிகவும் வியக்க வைப்பது இந்த இடம்தான்.

எண்ணெய் டேம்பர் முதலில் காருக்குத்தான் செய்யப்பட்டது. மோரிஸ் உடாய் என்ற பிரெஞ்சுக்காரர் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே எண்ணெய்க்குள் சுழலும் சிறகு வைத்த ஷாக் அப்சார்பரைச் செய்தார். 1920களின் இறுதியில் ஃபோர்டு மாடல் ஏ காருக்கும் அது வந்தது. மோட்டார் சைக்கிளின் ஸ்டியரிங்குக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன. 1960இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் ஆர்69எஸ் என்ற 600 சிசி வண்டியைக் கொண்டுவந்தது. 42 குதிரைத்திறன், ஜெர்மனியின் ஆட்டோபான் சாலைகளில் மணிக்கணக்காக விரைவதற்கென்றே செய்த வண்டி. அதில் ஸ்டியரிங்குக்கு எண்ணெய் டேம்பரை ஆலையிலேயே பொருத்தினார்கள். அந்த 42 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், நம் ஊருக்குத் திரும்பும்போது வேண்டும்.

இவ்வளவு காலம் பட்டறையும் பந்தயத் தடமும் அனுபவத்தால் கண்டதைக் கணக்கு பிடித்தது 1971இல். அதற்கு முன் 1899இலேயே விப்பிள் என்ற ஆங்கிலேயர் சைக்கிளின் நிலைப்பை விளக்கும் சமன்பாடுகளை எழுதியிருந்தார். ஆனால் அவருடைய சைக்கிளின் சக்கரங்கள் வளையாத, நழுவாத கற்பனைச் சக்கரங்கள். உதறல் அந்தக் கணக்கில் தலைகாட்டவே இல்லை. ராபின் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் 1971இல் வெளியிட்ட கட்டுரையில் டயரின் பக்கவாட்டு நழுவலையும் அதன் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார். மோட்டார் சைக்கிளுக்கு மூன்று வகை ஆட்டம் உண்டு என்று அவர் பிரித்துக் காட்டினார். ஒன்று, வண்டி மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து விழப்பார்ப்பது. இரண்டாவது, முன் சக்கரமும் ஹேண்டிலும் மட்டும் வேகமாக ஆடும் உதறல். மூன்றாவது, முழு வண்டியும் பாம்பு ஓடுவதைப் போல நொடிக்கு இரண்டு மூன்று தடவை நெளிவது. இந்த நெளிவு அதிவேகத்தில் வரும். பின்பக்கம் சுமை கூடினால் இன்னும் மோசமாகும்.

அந்தக் கணக்கில் ஒரு கசப்பான உண்மையும் வெளிப்பட்டது. ஸ்டியரிங் டேம்பர் உதறலை அடக்கும்; ஆனால் அதிவேக நெளிவை அது கூட்டிவிடும். அடங்காத உதறலுக்குப் பயந்து டேம்பரை முழுக்க இறுக்குகிறவர், தெரியாமல் இன்னொரு ஆபத்தை அழைக்கிறார். நெளிவின்போது வண்டி தன்னைத் தானே திருத்திக்கொள்ள முன் சக்கரம் சுதந்திரமாகத் திரும்ப வேண்டும், அதை டேம்பர் தாமதப்படுத்துகிறது. முட்டை அட்டைகளையோ பால் கேன்களையோ இளம்பிள்ளைச் சேலை மூட்டைகளையோ பின்னால் உயரமாகக் கட்டிக்கொண்டு போகிற வண்டி நெளிந்தால், அதற்கு எந்த டேம்பரும் மருந்தாகாது. சுமையை இறக்கி, தாழ்வாகவும் முன்னால் தள்ளியும் கட்டி, வேகத்தைக் குறைப்பதுதான் வழி. தினமும் அப்படி ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கு யாராவது இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை.

உதறலின் பாடத்தைப் பெரிய நிறுவனங்களும் விலை கொடுத்துத்தான் கற்றன. 1997இல் சுசுகி வெளியிட்ட டிஎல்1000எஸ் வண்டியின் ஹேண்டில் உதறல் உலகம் முழுக்கப் பேச்சானது. பிரிட்டனில் விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து ஸ்டியரிங் டேம்பர் பொருத்திக் கொடுத்தார்கள். அதன்பின் வேகமான வண்டிகளுக்கு ஆலையிலேயே டேம்பர் வைப்பது பழக்கமாகிப்போனது. 2004இல் ஹோண்டா சிபிஆர்1000ஆர்ஆரில், கயாபா நிறுவனத்தோடு சேர்ந்து செய்த மின்னணு டேம்பர் வந்தது. டேங்க்குக்கு முன்னால் ஸ்டியரிங் தலையின் மேல் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே உடாயின் பழைய யோசனையேபோல எண்ணெய்க்குள் சுழலும் சிறகு. வேகத்தையும் முடுக்கத்தையும் பார்த்து ஒரு கணினி எண்ணெயின் வழியைச் சுருக்கும், விரிக்கும். தெருவில் மெழுகு மாதிரி இளகும், நெடுஞ்சாலையில் கெட்டிப்படும். குமிழைத் திருக மறந்தவர்களின் நெடுநாள் கவலை அதோடு தீர்ந்தது.

இதெல்லாம் பெரிய வண்டிகளின் கதை. நம் ஊர்ச் சாலைகளில் நெடுங்காலம் 100 சிசி வண்டிகள்தான் ஆண்டன. அவற்றுக்கு டேம்பர் தேவைப்படவில்லை. குமிழ் என்ற ஒன்று இருந்ததே பலருக்கு மறந்துபோனது. 2013இல் கேடிஎம் 390 டியூக் இந்தியாவுக்கு வந்தபோது நிலைமை மாறியது. அதன் திறன் ஏறக்குறைய 43 குதிரை. 1960இல் எண்ணெய் டேம்பர் இல்லாமல் விடக்கூடாது என்று ஜெர்மானியர்கள் நினைத்த ஆர்69எஸ்ஸின் திறனும் கிட்டத்தட்ட அதேதான். வண்டியின் எடையோ அதைவிடப் பல கிலோ குறைவு. இலகுவான வண்டியில் ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் முன் சக்கரம் தரையை லேசாகத்தான் தொடும். அப்படித் தொட்டும் தொடாமலும் போகும் நேரத்தில் ஒரு பள்ளம் வந்தால் உதறலுக்கு அதுவே போதும். டயர், சேஸிஸ், சஸ்பென்ஷன் எல்லாம் அறுபது வருடத்தில் எவ்வளவோ முன்னேறிவிட்டதால் நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு டேம்பர் இல்லாமலே சமாளிப்பு உண்டு. ஆனாலும் இளைஞர்கள் தனியாக டேம்பர் வாங்கிப் பொருத்தும் பழக்கம் இந்த மாதிரி வண்டிகளோடுதான் நம் பக்கம் பரவியது.

இனி மெக்கானிக் சொன்ன வரிசை. வண்டியின் முன் சக்கரம் தரையில் படாதபடி தூக்கி நிறுத்த வேண்டும். ஹேண்டிலை இரண்டு விரலால் மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்ப வேண்டும். சரியான கோன்செட் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். நேராக இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்து எழுவதைப் போலச் சிக்கினால், பால் ரேஸில் குண்டுகள் குழி போட்டுவிட்டன என்று பொருள். வேகத்தடையிலும் பள்ளத்திலும் விழுந்து விழுந்து எழுந்த வண்டிகளுக்கெல்லாம் அது வரும். அடுத்து, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் 'டக்' என்று ஆட்டம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சக்கர பேரிங். பிறகு ரிம்; கோட்டம் இருந்தால் எடுக்க வேண்டும். டயரைத் தடவிப் பார்த்தால் மேடும் குழியுமாகத் தேய்ந்திருப்பது கைக்கே தெரியும். காற்று சரியாக இருக்கிறதா, பின் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷில் ஆட்டம் இருக்கிறதா, பின் சக்கரம் செயின் இறுக்கும்போது கோணலாகிவிட்டதா — எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும்போது பாதி வண்டிகளுக்காவது டேம்பர் தேவையில்லாமல் போய்விடும் என்பது என் நம்பிக்கை.

கோன்செட் கெட்ட வண்டியில் டேம்பர் மாட்டுவது ஏன் தவறு என்றால், அது நோயை மறைத்துவிடும். குழி ஆழமாகிக்கொண்டே போகும், உதறல் மட்டும் வெளியே தெரியாது. டேம்பரின் எண்ணெய் சீல் ஒரு நாள் கசிந்து தளரும்போது, அதுவரை சேர்ந்த கேடு மொத்தமும் ஒரே நேரத்தில் ஹேண்டிலில் வந்து இறங்கும்.

எல்லாம் சரியாக இருந்து, அதற்கு மேலும் காப்பு வேண்டும் என்கிறவர்கள் மாட்டலாம். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நேர் உருளை வகை. ஒரு முனை ஃபோர்க் குழாயில் கிளாம்ப் போட்டு நிற்கும், மறுமுனை சேஸிஸில் பிராக்கெட்டோடு நிற்கும். இரண்டு முனையிலும் எந்தக் கோணத்துக்கும் திரும்புகிற உருண்டை மூட்டு இருக்கும். வண்டிக்கென்றே செய்த பிராக்கெட் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் லேத்துப் பட்டறையில் செய்துகொள்ள வேண்டும், சேலத்தில் அதற்குப் பஞ்சமில்லை. சேஸிஸில் மட்டும் வெல்டிங் வைக்கக்கூடாது, துளையும் போடக்கூடாது, கிளாம்ப் போதும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டி ஆலையிலிருந்து வந்த விவரத்துக்கு மாறாக அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. கழற்றினால் பழைய வண்டியாக நிற்க வேண்டும்.

பொருத்தும்போது உயிர் போகிற விஷயம் ஒன்று உண்டு. ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பார்க்கும்போது, ஃபோர்க் சேஸிஸின் தடுப்பில் போய் இடிக்க வேண்டும். அதற்கு முன்னால் டேம்பரின் தண்டு தன் ஓட்டம் முடிந்து இடித்துக்கொண்டால் ஆபத்து. கொல்லிமலையின் ஏதோ ஒரு கொண்டை ஊசியில் முழுக்கத் திருப்ப வேண்டிய நொடியில் ஹேண்டில் பாதியில் நின்றுவிடும். தண்டு வளையும், அல்லது பிராக்கெட் உடைந்து குறுக்கே சிக்கும். அதனால் இரண்டு கோடியிலும் தண்டுக்குச் சில மில்லிமீட்டர் ஓட்டம் மிச்சம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ், ஆக்ஸிலரேட்டர் கேபிள் எதுவும் உருளையில் மாட்டக்கூடாது. முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை அமுக்கும்போதும் உருளை டேங்க்கில் இடிக்கக்கூடாது. தண்டில் மண் படிந்தால் சீல் கிழியும். சேலத்துப் புழுதிக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது துணியால் துடைத்துவிட வேண்டும்.

டேம்பர் உருளையின் குமிழை முதலில் முழுக்கத் தளர்த்தித்தான் தொடங்க வேண்டும். தெருவுக்குள் நடை வேகத்தில் ஓட்டி, வண்டி நேராக நிற்கிறதா, ஹேண்டில் தானாக நடுவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நெடுஞ்சாலை. நான்கு வழிச் சாலையில் இரு சக்கர வண்டிக்கு மத்திய அரசு வைத்த உச்ச வேகம் 80 கிலோமீட்டர். அதற்குள்ளேயே சோதித்தால் போதும். குமிழை ஒரு படி, அதாவது ஒரு கிளிக், கூட்டி மறுபடி தெருவுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். மெதுவான வேகத்தில் வண்டி தள்ளாடத் தொடங்கினால் ஒரு கிளிக் குறைத்துவிட வேண்டும். டேம்பர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓடுகிற வண்டியில் உதறல் வந்துவிட்டால் முன் பிரேக்கை அழுத்தக்கூடாது. ஆக்ஸிலரேட்டரை மெல்லக் குறைத்து, முழங்காலால் டேங்க்கை இறுக்கிப் பிடித்து, உடம்பை முன்னால் சாய்த்து, கையை மட்டும் தளர்வாக வைத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் கிளிக்கைக் கூட்டிக்கொண்டே போகிற கட்டாயம் வந்தால், டேம்பரைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு டயரிலிருந்தும் கோன்செட்டிலிருந்தும் மறுபடி பார்த்துக்கொண்டு வர வேண்டும்.